‘தம்பி, உங்க மைக் ஆன்ல இருக்கு!’ - வீட்டிலிருந்தே வீடியோ மீட்டிங்... எதுக்கு வெட்கப்படணும், எதுக்கு வேண்டாம்?

காலை 10 மணி. சங்கரன்கோவில். மாடி ரூம்ல லேப்டாப்பைத் திறந்து வெச்சு உட்கார்ந்திருக்கீங்க. மேலே அயர்ன் பண்ணின சட்டை, கீழே கைலி. ஸ்க்ரீன்ல 14 கட்டம். பெங்களூரு மேனேஜர், புனே டெஸ்டிங் டீம், சிங்கப்பூர் கிளையன்ட்னு எல்லாரும் ஆஜர். உங்க முறை வருது. மைக்கை ஆன் பண்ணி, ‘குட் மார்னிங் எவ்ரிஒன்...’னு ஆரம்பிக்கிறீங்க.

அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பிக்குது. டக்கட... டக்கட... டக்கட... அது போதாதுன்னு கீழேயிருந்து அம்மா குரல்: ‘ஏய்யா, இட்லி ஆறிக் கெடக்கு. எந்திச்சு வந்து தின்னுட்டுப் போயி பேசு!’

யாரோ சிரிக்கிறாங்க. யாரோ ‘ப்ளீஸ் மியூட்’னு சொல்றாங்க. உங்களுக்குக் காது ரெண்டும் சூடாகுது. டக்குனு மைக் ஆஃப், கேமராவும் ஆஃப். இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. அடுத்த ஒரு மாசம் கேமராவே ஆன் ஆகாது. கேட்டா ‘யெஸ்’, ‘ஓகே’, ‘நோ அப்டேட்ஸ்’. வேலை எல்லாம் நீங்க செய்வீங்க, மீட்டிங்ல அதை எடுத்துச் சொல்றது வேற யாராவதா இருப்பாங்க. அப்ரைசல் நேரத்துல ‘இவர் யாரு?’ன்னு ஒரு கேள்வி வரும்.

அன்னிக்குக் கேட்ட தறிச் சத்தத்தால உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதுக்கப்புறம் வந்த மௌனம்தான் நஷ்டம். அதனால மீட்டிங்ல எதுக்கு வெட்கப்படணும், எதுக்கு வெட்கப்படவே வேண்டாம்ங்கிற ரெண்டையும் தெளிவா பிரிச்சுப் பார்த்துடுவோம்.

மாடி ரூமே ஆபீஸ் ஆன கதை

2019 டிசம்பர்ல ஜூம் செயலியில ஒரு நாளைக்கு நடந்த மீட்டிங்குகள்ல கலந்துக்கிட்டவங்க எண்ணிக்கை சுமார் 1 கோடி. 2020 ஏப்ரல்ல அது 30 கோடியைத் தொட்டது. நாலே மாசம்! லாக்டௌனுக்கு முன்னாடி பெட்டியைக் கட்டிக்கிட்டு சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஊருக்கு வந்தவங்கள்ல சிலர் இன்னும் முழுசா திரும்பிப் போகலை. வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ், மத்த நாள் வீடுன்னு பாதிப் பாதியா ஓட்டுறவங்களும் உண்டு.

நம்ம தென்காசி மாவட்டத்துக்கு இது அதுக்கும் முன்னாடியே பழக்கம். தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில 2011-லேயே ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்துடுச்சு. அதோட நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் கலிஃபோர்னியாவிலிருந்து அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். வயக்காட்டுப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு உலகத்தோட பேச முடியும்னு நிரூபிச்ச மாவட்டம் இது.

ஆனா, வீடியோ மீட்டிங் பத்தின அறிவுரைகள் பெரும்பாலும் தனி அறை, மூடின ஜன்னல், ஏசி இருக்கிறவங்களை மனசுல வெச்சு எழுதப்பட்டவை. ‘அமைதியான இடத்தில் அமரவும்’னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. தறி ஓடுற தெருவுல, குக்கர் விசில் அடிக்கிற வீட்டுல, கோயில் மைக்செட் அலறுற ஆடி மாசத்துல அமைதியான இடத்துக்கு எங்கே போறது? அதனால நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி பேசுவோம்.

உலகம் எதை மன்னிச்சது, எதை மன்னிக்கலை?

முதல்ல ரெண்டு சம்பவம். 2017 மார்ச்ல, தென் கொரியாவோட பூசான் நகரத்துல இருந்த பேராசிரியர் ராபர்ட் கெல்லி, வீட்டிலிருந்தே பிபிசிக்கு நேரலைப் பேட்டி கொடுத்துக்கிட்டிருந்தார். கொரிய அதிபரோட பதவி பறிபோன சீரியஸான விஷயம். பின்னாடி கதவு திறக்குது. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட குட்டிப் பொண்ணு ஆடிக்கிட்டே உள்ளே வருது. அது பின்னாடியே நடைவண்டியில தம்பி. அவங்களை இழுத்துட்டுப் போக அம்மா பாய்ஞ்சு வர்றாங்க. கெல்லி நெளிஞ்சுக்கிட்டே மன்னிப்புக் கேட்டார். உலகம் என்ன பண்ணுச்சு? விழுந்து விழுந்து சிரிச்சு, அந்தக் குடும்பத்தை வாரி அணைச்சுக்கிச்சு.

அடுத்தது 2021 பிப்ரவரி. அமெரிக்காவோட டெக்சாஸ்ல ஜூம் வழியா ஒரு நீதிமன்ற விசாரணை. வழக்கறிஞர் முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு பூனைக்குட்டி கண்ணை உருட்டிக்கிட்டிருக்கு. ஃபில்டரை எப்படி எடுக்கிறதுன்னு தெரியாம, ‘நான் பூனை இல்லை’ன்னு நீதிபதிகிட்ட அவர் விளக்கம் சொன்னது உலக ஃபேமஸ். நீதிபதி ராய் ஃபெர்குசன் கோபப்படலை. இந்த நெருக்கடியிலும் நீதிமன்றம் நடக்கணும்னு வழக்கறிஞர்கள் படுற பாட்டோட ஒரு பகுதிதான் இதுன்னு பெருந்தன்மையா சொன்னார்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். 2020 ஜூன்ல, படுக்கையில சாய்ஞ்சபடி டி-ஷர்ட்டோட உச்ச நீதிமன்ற விசாரணையில ஒரு வழக்கறிஞர் தோன்றினார். குறைந்தபட்ச நாகரிகமாவது வேணும்னு நீதிமன்றம் கண்டிச்சது, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதே வருஷம் செப்டம்பர்ல, காருக்குள்ள உட்கார்ந்து புகை பிடிச்சபடி ஆஜரான வழக்கறிஞருக்கு குஜராத் உயர் நீதிமன்றம் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2021 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட காணொளி விசாரணை நடக்கும்போது கேமரா முன்னாடி ஒரு வழக்கறிஞர் முறைகேடா நடந்துக்கிட்ட காட்சி வெளியாச்சு. நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவமதிப்பு வழக்கு எடுத்தது. 2025-ல் கழிவறையில் உட்கார்ந்தபடியே விசாரணையில கலந்துக்கிட்ட சம்பவம்கூட குஜராத்துல நடந்து, அதுக்கும் அபராதம் விழுந்தது.

வித்தியாசம் புரியுதா? குழந்தை உள்ளே வந்ததும் பூனை முகம் வந்ததும் விபத்து. சிகரெட்டும் படுக்கையும் அலட்சியம். விபத்தை ஜனங்க சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. ‘உங்களுக்கெல்லாம் இது போதும்’ங்கிற அலட்சியத்தை மறக்க மாட்டாங்க.

பக்கத்து வீட்டுத் தறி எந்தக் கணக்குல வரும்னு இப்போ நீங்களே சொல்லுங்க. அதுக்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. அதுவும் இந்த ஊர்ல எத்தனையோ பிள்ளைங்களுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டினதே அந்தத் தறிதான். ஆனா, தறி ஓடுதுன்னு தெரிஞ்சும் மைக்கை ஆன்லயே விட்டுட்டு, 14 பேர் காதுல அதை ஓட்டிக்கிட்டிருந்தா, அது அலட்சியத்துல சேர்ந்துடும். இந்த ஒரு கோட்டைப் புடிச்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா புரியும்.

மீட்டிங்குக்கு முன்னாடி 5 நிமிஷம்

10 மணி மீட்டிங்னா 10 மணிக்கு லேப்டாப்பைத் தட்டி எழுப்பாதீங்க. அப்பத்தான் அது ‘அப்டேட் பண்றேன், கொஞ்சம் இரு’ன்னு சுத்த ஆரம்பிக்கும். 9.55-க்கே இதையெல்லாம் பார்த்துடுங்க.

பேரு: தங்கச்சி ஆன்லைன் கிளாஸுக்கு வெச்ச பேரோ, காலேஜ்ல விளையாட்டா வெச்ச ‘தல வெறியன்’ பேரோ அப்படியே இருக்கானு பாருங்க. கிளையன்ட் அந்தப் பேரைச் சொல்லி மரியாதையா கூப்பிடுற நிலைமை யாருக்கும் வரக் கூடாது. ஃபில்டரையும் ஒரு தடவை செக் பண்ணுங்க. டெக்சாஸ் பூனை அப்படி வந்ததுதான்.

வெளிச்சம்: ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தா நீங்க கறுப்பு நிழலாத்தான் தெரிவீங்க. ஜன்னலைப் பார்த்து உட்காருங்க. பகல் வெளிச்சத்தை மிஞ்சின ரிங் லைட் கிடையாது.

உயரம்: கேமரா கண் மட்டத்துல இருக்கணும். கட்டில்ல வெச்சா உங்க மூக்குத் துவாரமும் மேலே சுத்துற ஃபேனும்தான் எல்லாருக்கும் தெரியும். நாலு பழைய புஸ்தகத்தை அடுக்கி அது மேல வைங்க. போன்ல கலந்துக்கிறவங்க கையில புடிச்சுக்கிட்டே பேசாதீங்க. பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும். சுவத்துல சாய்ச்சு வைங்க, இல்லைன்னா ஒரு ஸ்டாண்டு வாங்கிடுங்க.

ஹெட்செட்: காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல இதுக்குப் பண்ணுங்க. வாய்க்குப் பக்கத்துல மைக் இருந்தா, தூரத்துச் சத்தம் தானா அடங்கும். லேப்டாப் மைக் அறை மொத்தத்தையும் கேட்கும். ஃபேன் காத்தையும் சேர்த்து.

கால் வந்தா?: போன்ல மீட்டிங் ஓடும்போது சித்தப்பா கூப்பிட்டா, உங்க மீட்டிங் ஆடியோ நடுவுல அறுந்துடும். ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டுடுங்க. அந்தக் காலை அப்புறமா திருப்பிப் பண்ணிக்கலாம்.

கரன்ட்: மாதாந்திரப் பராமரிப்புன்னு முந்தின நாளே அறிவிப்பு வந்துடும். அதைப் பார்த்ததும் டீம் குரூப்ல ஒரு வரி போட்டுடுங்க: ‘நாளைக்கு எங்க ஏரியாவுல பகல்ல பவர் கட். போன் ஹாட்ஸ்பாட்ல ஆடியோ மட்டும் வருவேன்.’ முன்கூட்டியே சொன்னா அது தகவல். மீட்டிங் நடுவுல காணாமப் போய்ட்டு அப்புறம் சொன்னா, அதே விஷயம் சாக்குப்போக்கா மாறிடும். முடிஞ்சா ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டிடுங்க.

திருவிழா: ஆடித்தபசு அன்னிக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுறது வழக்கம். ஆனா, பெங்களூரு காலண்டர்ல அது இருக்காது. கோமதி அம்மன் தபசு நிக்கிற தெருவுல நீங்க கூட்டத்துல சிக்கி நிக்கும்போது ‘வேர் ஆர் யூ?’ன்னு மெசேஜ் வந்தா தப்பு அவங்களோடது இல்லை. ஒரு மாசம் முன்னாடியே காலண்டர்ல லீவு போட்டு வைங்க. ‘என்ன விசேஷம்?’னு யாராவது கேட்டா, சங்கரனும் நாராயணரும் ஒரே உருவமா காட்சி கொடுத்த கதையைச் சொல்லுங்க. மீட்டிங்ல ‘வெதர் எப்படி?’ன்னு பேசுறதைவிட அது நல்லாத்தானே இருக்கும்?

மியூட்: மறந்தாலும் தொல்லை, மறக்காட்டியும் தொல்லை

பேசாத நேரமெல்லாம் மியூட். பேசும்போது மட்டும் அன்மியூட். சொல்றதுக்கு ஈஸி. நடக்கிறது என்னன்னா, ரெண்டு நிமிஷம் ஆவேசமா பேசி முடிச்சப்புறம்தான் ‘யூ ஆர் ஆன் மியூட்’ங்கிற அசரீரி கேட்கும்.

இதுக்கு ஷார்ட்கட் உண்டு. விண்டோஸ் லேப்டாப்னா ஜூம்ல ஆல்ட்டோட ஏ, கூகுள் மீட்ல கன்ட்ரோலோட டி, டீம்ஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட்டோட எம். உங்க ஆபீஸ்ல எது ஓடுதோ அதை மட்டும் விரலுக்குப் பழக்கிக்கோங்க. ஜூம்ல மியூட்ல இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் புடிச்சா, புடிச்சிருக்கிற வரைக்கும் மட்டும் மைக் ஆன் ஆகும். தறி ஓடுற வீட்டுக்குன்னே செஞ்ச வசதி மாதிரி இருக்கு!

உங்க முறை வரும்போதே சத்தம் ஆரம்பிச்சுட்டா? பதறாதீங்க. இப்படிச் சொன்னா போதும்: ‘பக்கத்துல தறி ஓடுது. சத்தம் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, சாட்ல டைப் பண்றேன்.’ பத்து விநாடிதான் ஆகும். பத்து தடவை ‘ஸாரி ஸாரி’ சொல்றதைவிட இது எவ்வளவோ மேல். காரணம் தெரிஞ்ச சத்தத்தை மனுஷங்க பொறுத்துக்குவாங்க. காரணம் தெரியாத சத்தம்தான் எரிச்சல் கிளப்பும்.

இன்னொண்ணு. மியூட்ல இருக்கோம்ங்கிற தைரியத்துல மேனேஜரைப் பத்தி முணுமுணுக்காதீங்க. மைக் எப்பவும் ஆன்ல இருக்கிறதா நினைச்சே வாயைத் திறங்க. அதுதான் ஆரோக்கியம்.

கேமரா... போடணுமா, வேண்டாமா?

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். ஜூம்ல ரெண்டு பேர் நல்ல தரத்துல வீடியோவோட பேச, போக வர தலா 600 கேபிபிஎஸ் வேகம் தேவை. ஆடியோ மட்டும்னா 60-லிருந்து 80 கேபிபிஎஸ் போதும். இதை டேட்டாவா மாத்தினா, வீடியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 540 எம்பி தின்னும். ஆடியோ சுமார் 70 எம்பி-தான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால டேட்டா இல்லை, சிக்னல் இல்லைன்னா கேமராவை அணைக்கிறதுல எந்த அவமரியாதையும் கிடையாது. சொல்லிட்டு அணைங்க, அவ்வளவுதான்.

சோர்வும் உண்மையான காரணம்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் வீடியோ மீட்டிங் ஏன் இவ்வளவு களைப்பா இருக்குன்னு விளக்கினார். இத்தனை முகங்கள் இவ்வளவு கிட்டத்துல இருந்து நம்மளையே முறைச்சுப் பார்க்கிறது, நாள் முழுக்க நம்ம முகத்தை நாமே பார்த்துக்கிட்டிருக்கிறது, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய முடியாதது, தலையாட்டல் மாதிரி சின்னச் சைகைக்குக்கூட கூடுதலா மெனக்கெட வேண்டியிருக்கிறதுன்னு நாலு காரணம் சொன்னார். கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே நாள் முழுக்க வேலை செய்யுறதா கற்பனை பண்ணுங்களேன், எப்படி இருக்கும்? அதனால ‘ஹைட் செல்ஃப் வியூ’ போட்டு உங்க முகத்தை உங்ககிட்ட இருந்து மட்டும் மறைச்சுடுங்க. மத்தவங்களுக்கு நீங்க தெரிவீங்க, உங்களுக்குத்தான் தெரிய மாட்டீங்க. தலைமுடியைச் சரி பண்ற வேலை மிச்சம்.

ஆனா, கேமரா அணைக்கிறதுக்குக் காரணம் டேட்டாவும் இல்லை, களைப்பும் இல்லை, வீட்டைப் பார்த்துடுவாங்களோங்கிற கூச்சம்னா கொஞ்சம் நில்லுங்க. சிவப்புத் தரை, சுண்ணாம்புச் சுவர், ஆணியில தொங்குற கடைக் காலண்டர்... இதுல என்ன குறை? கொடியில காயுற துணியை நகர்த்துங்க. கட்டில்ல யாராவது படுத்திருந்தா கோணத்தை மாத்துங்க, ஏன்னா அவங்க மீட்டிங்குக்கு வரலை. அவ்வளவுதான் வேலை. சுவர் உரிஞ்சிருக்குன்னு உறுத்தினா பேக்ரவுண்டை பிளர் பண்ணுங்க. கடற்கரை, விண்கலம்னு போட்டு காது பாதி மறைஞ்சு பாதி தெரியிற வித்தை மட்டும் வேண்டாம்.

தினமும் கேமரா முடியலைன்னா மூணு இடத்துல மட்டுமாவது போடுங்க. புதுசா ஒருத்தர் டீமுக்கு வரும்போது, நீங்க செஞ்ச வேலையை நீங்களே விளக்கும்போது, யாராவது விடைபெறும்போது. அந்த மூணு இடத்துலயும் முகம்தான் பேசும்.

1.2 விநாடி... உங்க பேரைக் கெடுக்குது!

இது நம்ம ஊர் நெட்வொர்க்ல இருக்கிறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. 2014-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் போன் உரையாடல்கள்ல வேணும்னே தாமதத்தைச் சேர்த்துப் பார்த்தாங்க. குரல் 1.2 விநாடி தாமதமா வந்தாலே, எதிர்ல பேசுறவர் கவனமில்லாதவர், நட்பா பழகாதவர்னு கேட்டவங்க நினைச்சுட்டாங்க. லைன்ல இருந்த கோளாறை ஆளோட குணம்னு எடுத்துக்கிட்டாங்க!

யோசிச்சுப் பாருங்க. கேள்வி கேட்கிறாங்க. உங்களுக்கு ஒரு விநாடி லேட்டா கேட்குது. நீங்க உடனே பதில் சொன்னாலும் அங்கே போய்ச் சேர இன்னொரு விநாடி. நடுவுல இருக்கிற அந்த அமைதியில ‘இவருக்கு விஷயம் தெரியலை போல’ன்னு ஒருத்தர் முடிவே பண்ணிடுவார். இங்கிலீஷ்ல பேசத் தயங்குறவங்களுக்கு இந்தப் பழி ரெண்டு மடங்கா விழும்.

இதுக்கு மருந்து மூணு. ஒண்ணு, மீட்டிங் ஆரம்பத்துலயே ‘இன்னிக்கு என் லைன்ல டிலே இருக்கு, பதில் ஒரு செகண்ட் லேட்டா வரும்’னு சொல்லிடுங்க. ரெண்டு, ஒருத்தர் பேசி முடிச்சதும் மனசுக்குள்ள ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணிட்டுப் பேசுங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து ‘நீங்க சொல்லுங்க’, ‘இல்ல நீங்க சொல்லுங்க’ன்னு பஸ் கண்டக்டர்கிட்ட சில்லறைக்கு நிக்கிற மாதிரி நிக்க வேண்டியதில்லை. மூணு, கை தூக்குற பட்டனைத் தயங்காம அமுக்குங்க. சத்தமா பேசுறவங்க நடுவுல உங்களுக்கு இடம் புடிச்சுத் தர்றது அதுதான்.

நீங்க கேட்கிற பக்கம் இருந்தாலும் இதை ஞாபகம் வைங்க. எதிர்ல ஒருத்தர் மந்தமா தெரிஞ்சா, ஆளை எடை போடுறதுக்கு முன்னாடி லைனைச் சந்தேகப்படுங்க.

ஷேர், சாட், ரெக்கார்டிங்

ஸ்க்ரீன் ஷேர் பண்ணும்போது முழு ஸ்க்ரீனைக் கொடுக்காதீங்க. தேவையான விண்டோவை மட்டும் கொடுங்க. வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தா மூடுங்க. ‘மச்சான், அந்த மேனேஜர் இன்னிக்கும் மொக்க போடுறானா?’ங்கிற நோட்டிஃபிகேஷன் அந்த மேனேஜர் கண்ணு முன்னாடியே பாப்-அப் ஆகாதுன்னு எந்த உத்தரவாதமும் இல்லை. வேலை தேடுற சைட் டேப்களுக்கும் இதே விதி!

சாட்ல டைப் பண்ணினதும் என்டர் அழுத்துறதுக்கு முன்னாடி, மேலே ‘எவ்ரிஒன்’னு இருக்கா, ஒருத்தர் பேர் இருக்கானு ஒரு தடவை பாருங்க.

ரெக்கார்ட் பண்றதா இருந்தா சொல்லிட்டுப் பண்ணுங்க. யாரோ கொட்டாவி விட்டதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல ஸ்டிக்கராக்குறது காமெடி இல்லை. அந்த ஒரு ஸ்டிக்கருக்குப் பயந்துதான் நிறைய பேர், முக்கியமா பெண்கள், கேமராவே போடுறதில்லை.

சாப்பாடு? தண்ணி, காபி ஓகே. முறுக்கு கூடவே கூடாது. அது ஹெட்செட்ல கேட்டா வீடு இடியுற சத்தம் மாதிரி இருக்கும். பைக் ஓட்டிக்கிட்டே மீட்டிங் கேட்கிறது மரியாதைக் குறைவுங்கிறதைத் தாண்டி, உயிர் விஷயம். ஓரங்கட்டிப் பேசுங்க, இல்லைன்னா ‘அரை மணி நேரத்துல சேர்றேன்’னு சொல்லுங்க.

கூப்பிடுறவங்களுக்கும் மரியாதை உண்டு பாஸ்!

மரியாதை எல்லாம் ஜூனியர்கள் தலையில மட்டும் கட்ட வேண்டிய மூட்டை இல்லை. 2021 டிசம்பர்ல பெட்டர் டாட் காம்ங்கிற அமெரிக்க நிறுவனத்தோட தலைவர் விஷால் கார்க், சுமார் 900 பேரை ஒரு ஜூம் கால்ல கூப்பிட்டு, சில நிமிஷத்துல ‘உங்களுக்கு இன்னியோட வேலை இல்லை’ன்னு சொல்லி முடிச்சார். உலகமே கொதிச்சது, அவர் மன்னிப்புக் கேட்டார். அங்கே மைக், கேமரா, லைட்டிங்னு எல்லாம் சரியாத்தான் இருந்தது. மனுஷத்தன்மைதான் மியூட்ல இருந்தது.

நாளைக்கு நீங்களும் டீம் லீட் ஆவீங்க. அப்போ இதை மறக்காதீங்க. எதுக்கு மீட்டிங்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. மெயில்ல முடியிற விஷயத்துக்கு 14 பேரைக் கூட்டாதீங்க. சொன்ன நேரத்துல முடிங்க. பேசாமலேயே இருக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ன்னு கேளுங்க.

நேரக் கணக்கும் முக்கியம். நியூயார்க் ஆபீஸோட மீட்டிங் உள்ளவங்களுக்குத் தெரியும்: அங்கே மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை பழையபடி ஆக்குவாங்க. அவங்க காலை 9 மணிங்கிறது குளிர்காலத்துல நமக்கு ராத்திரி 7.30, கோடையில சாயங்காலம் 6.30. அந்த ரெண்டு வாரமும் ‘யாரு லேட்டு?’ங்கிற பஞ்சாயத்து ஓடும். காலண்டரை நம்புங்க, ஞாபகத்தை நம்பாதீங்க.

‘சார்’னு கூப்பிடுறதா, பேர் சொல்றதா? நம்ம ஊர்ல வயசுல பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசும். ஆனா, நிறைய கம்பெனிகள்ல பேர் சொல்றதுதான் வழக்கம். சீனியர் பேர் சொல்லச் சொன்னா பேர் சொல்லுங்க. சொல்லாத வரைக்கும் மத்தவங்க எப்படிக் கூப்பிடுறாங்கன்னு பார்த்து அதையே புடிச்சுக்கோங்க. ரெண்டு தமிழ் ஆளுங்க இருந்தா, தமிழ் தெரியாதவங்க முன்னாடி தமிழ்ல தனியா பேசிச் சிரிக்காதீங்க. தங்களைப் பத்தித்தான் பேசுறாங்கன்னு அவங்களுக்குத் தோணும்.

வீட்டுலயும் ஒரு மீட்டிங் போடுங்க

நம்ம வீடுகள்ல ஒரு சிக்கல் இருக்கு. மவன் பொட்டியைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்கான்னாலே சும்மாத்தான் இருக்கான்னு அர்த்தம். கேஸ் சிலிண்டர் வாங்க, தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க. ‘மீட்டிங்ல இருக்கேன்ம்மா’ன்னு எரிஞ்சு விழாதீங்க. உள்ளே 14 பேர்கிட்ட ‘ப்ளீஸ்’, ‘தேங்க்யூ’ன்னு குழைஞ்சுட்டு, வெளியே அம்மாகிட்ட கத்தினா அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம்?

ராத்திரி சாப்பிடும்போது நாளைக்கு எந்தெந்த நேரம் மீட்டிங்னு சொல்லிடுங்க. கதவுல ஒரு சிவப்புத் துணி தொங்கினா மீட்டிங், இல்லைன்னா ஃப்ரீன்னு ஒரு ஏற்பாடு பண்ணுங்க. முடிஞ்சா ஒரு நாள் அம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சு, மீட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டீம்ல நெருக்கமான ரெண்டு பேரை அறிமுகப்படுத்துங்க. பொட்டிக்குள்ள நிஜமாவே ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுட்டா, அடுத்த தடவை இட்லித் தட்டு சத்தமில்லாம கதவு ஓரமா வந்து உட்காரும்.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணாச்சிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்கலாம்: ‘அண்ணாச்சி, நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு முக்கியமான மீட்டிங். அந்த நேரத்துக்கு டீ குடிக்கப் போவீங்களா?’ நிறுத்துங்கன்னு சொல்ல நமக்கு உரிமை இல்லை, அது அவர் பொழைப்பு. கேட்டுப் பார்க்கத் தடை இல்லையே. பத்து நிமிஷம் கிடைச்சா உங்க அப்டேட்டை முதல்ல சொல்ல அனுமதி வாங்கிக்கோங்க. கிடைக்கலைன்னா, இருக்கவே இருக்கு ஸ்பேஸ் பார்.

நாளைக்குக் காலையில 10 மணி. ஜன்னலைப் பார்த்து உட்காருங்க. பேரைச் சரி பாருங்க. ஹெட்செட்டை மாட்டுங்க. ஒரு மாசமா ஆஃப்ல இருக்கிற அந்தக் கேமராவை ஆன் பண்ணுங்க. தறி ஓடினா, ‘எங்க ஊர்ல சேலை நெய்யுறாங்க, அந்தச் சத்தம்தான்’னு சொல்லிட்டு, நீங்க முடிச்ச வேலையை நீங்களே எடுத்துச் சொல்லுங்க.

கைலி இருக்கட்டும், பரவாயில்லை. நடுவுல எந்திரிச்சு மட்டும் நிக்காதீங்க!